அஸ்திவாரமே பொய் என்றால்?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் உருக்கமாகக் கேட்டார்: "கோர்ட்டில் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னா ஜெயில்ல போடுங்க; சிவில் வழக்கை ஏன் தள்றீங்க?" நான் கேட்கிறேன்: திருடனை உள்ளே போட்டுட்டு, திருடின நகையை அவன் வீட்டுக்கே அனுப்புவீங்களா? (சிரிப்பு)

ஒருவர் தம் முதலாளிக்காக ஏலத்தில் எடுத்த சொத்து. 1945-லேயே முதலாளிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டார். அதை மூடி மறைச்சு, பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, முதல்நிலைத் தீர்ப்பாணையும் வாங்கிட்டார்! "உண்மையோடுதான் வரணும்னு வாதிக்குச் சட்டக் கடமை இல்லை" என்றது உயர் நீதிமன்றம். 1993-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அதை ஏற்கவில்லை. பொய்யை வைத்து வழக்காடுகிறவரை எந்தக் கட்டத்திலும் வெளியேற்றலாம் என்றார். (கைதட்டல்)

"வயசை ரெண்டு கூட்டிச் சொன்னாலும் வழக்குப் போயிடுமா?" போகாது ஐயா! சுவரில் விரிசல்னா பூசிக்கலாம். அஸ்திவாரமே பொய்யென்றால் வீட்டை இடிக்கத்தான் வேணும்.

பொய் சொன்னவனுக்கு இரக்கப்படுறீங்க. உண்மையைச் சொல்லிட்டு, வருஷக்கணக்கா கோர்ட்டுப் படியேறிச் செருப்புத் தேய்ஞ்சானே எதிர்வாதி, அவனுக்கு யார் இரக்கப்படுவது? நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில்!