மாணவர் ஒழுங்கும் நம் கடமையும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பள்ளி, கல்லூரிகளில் மாணவர் ஒழுங்கு என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். இப்பொருளைப் பேசுவோர் பலரும், “அக்காலத்தில் மாணவர் அடக்கமாக இருந்தனர், இக்காலத்தில் கெட்டுவிட்டனர்” என்றே தொடங்குவர். நாம் அவ்வாறு தொடங்குவதற்கில்லை. அக்காலத்து வகுப்பறையில் நம் பிள்ளைகளுக்கு என்ன இடம் இருந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் சத்தாராவில் பள்ளிச் சிறுவராக இருந்தபோது, வீட்டிலிருந்து கொண்டு சென்ற சாக்கின்மேல் தனியே அமர்ந்து படித்தார். பள்ளிப் பணியாளர் வந்து குழாயைத் திறந்துவிட்டாலன்றி அவருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. தாமே குழாயைத் தொடுவது அப்பள்ளியின் ஒழுங்குக்கு மாறானது! நம் மண்ணின் பெருந்தலைவர் இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த நாளில், தம் சாதியைப் பிற மாணவர் அறிந்துவிடுவரோ என அஞ்சி, அவர்களோடு கூடி விளையாடாமல் ஒதுங்கியிருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். இவ்விருவரையும் கண்ட ஓர் அதிகாரி, “எவ்வளவு அடக்கமான மாணவர்!” என்று பாராட்டியிருக்கவும் கூடும். ஆனால் அஃது அச்சத்தால் விளைந்த அடக்கம். எனவே, வாய் பேசாதிருத்தலே ஒழுங்கு என்னும் கருத்தை நாம் ஏற்க இயலாது.

பலர் கூடிப் பயிலும் இடத்தில் ஒவ்வொருவரும் தடையின்றிக் கற்பதற்காக எல்லாரும் ஏற்று நடக்கும் முறையே ஒழுங்கு. காலந்தவறாமை, பாடத்தில் கவனம், பிறர் உடலையும் மானத்தையும் புண்படுத்தாமை, பொதுப்பொருளைப் பேணுதல் ஆகியன இதனுள் அடங்கும். இம்முறை எல்லார்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒரே தவற்றைச் செய்த இருவரில் ஒருவனுக்கு அறிவுரையும் மற்றவனுக்கு மாற்றுச் சான்றிதழும் கிடைக்குமாயின், அப்பள்ளியில் ஒழுங்கு இருப்பதாகக் கூற முடியாது.

ஒழுங்கை நிலைநாட்ட மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது தண்டித்தல். “அடியாத மாடு படியாது” என்பர். நம் பெற்றோரும், “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் ஐயா” என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்துச் செல்வதுண்டு. இன்று சட்டம் இதை அனுமதிக்கவில்லை. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு உடல் தண்டனை விலக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்துவதோடு மனத்தை வருத்துவதையும் தடை செய்கிறது. ஆயினும் 2022இல் ஈரோடு மாவட்டத்துப் பள்ளியொன்றில், பட்டியல் இன மாணவரைக் கழிப்பறை கழுவச் செய்ததாக எழுந்த புகாரில் தலைமையாசிரியை ஒருவர் கைது செய்யப்பட்டார். பிரம்பு மறைந்தாலும், யாரை எவ்வேலைக்கு ஏவலாம் என்னும் பழைய எண்ணம் முற்றும் மறையவில்லை என்பதற்கு இது சான்று.

இரண்டாவது வெளியேற்றுதல். இதுவே நம் பிள்ளைகளைப் பெரிதும் பாதிப்பது. “நாளை உன் தந்தையை அழைத்து வந்தால்தான் வகுப்பில் அமரலாம்” என்பது சிறிய கட்டளைபோலத் தோன்றும். மாதச் சம்பளக்காரர் ஒரு மணி நேரம் அனுமதி பெற்று வந்து போய்விடுவார். நாட்கூலிக்குச் செல்லும் தந்தைக்கோ ஒரு நாள் உணவு போய்விடும். அதற்கு மேல், அலுவலக வாசலில் நெடுநேரம் கைகட்டி நிற்கவும் நேரும். இதை அறிந்த பிள்ளை வீட்டில் சொல்லாமலேயே பையை எடுத்துக்கொண்டு வேறெங்கோ சென்று பொழுதைப் போக்குகிறான். பத்து நாட்களுக்குப் பின் அவன் ‘நீண்ட விடுப்பு’, பிறகு ‘இடைநின்றவன்’. அவனை யாரும் நீக்கவில்லை. ஆனால் பெயர் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடுகிறது.

தொடக்கக் கல்வி முடியும்வரை எக்குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கலாகாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. எட்டாம் வகுப்புக்கு மேல் இந்தப் பாதுகாப்பு இல்லை, கல்லூரியிலும் இல்லை. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஐவர் ஒழுங்கு நடவடிக்கை என்னும் பெயரால் விடுதியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ரோகித் வெமுலாவை 2016 சனவரி 17ஆம் நாள் நாம் இழந்தோம். இருக்க இடத்தைப் பறிப்பது வெறும் ‘நடவடிக்கை’ ஆகாது என்பதை நாடு அன்று கண்டது.

மூன்றாவது வழி, கேட்டறிந்து திருத்துதல். தாமதமாக வந்தவனை வெளியே நிறுத்துமுன் காரணத்தைக் கேட்க வேண்டும். குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும். குற்றஞ்சாட்டும் ஆசிரியரே தீர்ப்பும் சொல்லலாகாது. உடைத்ததைச் சீர்செய்தல், புண்படுத்தியவரிடம் மன்னிப்புக் கேட்டல், விட்ட பாடத்தை மாலையில் இருந்து முடித்தல் போன்றவை மாணவனைப் பள்ளிக்குள்ளேயே வைத்துத் திருத்துவன. தலைமையாசிரியர் பொறுப்பில் இருக்கும் நாம் கண்டவரையில், இவ்வழிக்குப் பொறுமை மிகுதியும் தேவை. ஆனால் இவ்வழியில் திருந்தியவன் மீண்டும் வழுவுவது குறைவு.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறியாக வேண்டும். மாணவனின் முடிவெட்டை அளந்து பார்க்கும் பள்ளிகள், அவன் கையில் கட்டிய சாதிக் கயிற்றின் நிறத்தைக் காணாததுபோல் இருந்துள்ளன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் உடன் பயின்றோராலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் அடையாளங்களையும் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. சாதிச் செருக்கே ஒழுங்கீனங்களுள் தலையாயது. அவர்கள் கயிற்றுக்கு எதிராக நாமும் ஒரு கயிறு கட்டுவோம் என நம் இளைஞர் எவரும் எண்ணலாகாது.

இளைஞர்களே! பிறர் நம்மை அடக்க விதித்ததை மறுப்பது உரிமை. நம்மை உயர்த்த நாமே விதித்துக்கொள்வதை மீறுவது நமக்கு நாமே செய்யும் கேடு. 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அம்பேத்கரைக் கண்காணிக்க அங்குப் பிரம்பேந்திய ஆசிரியர் எவருமில்லை. அவர் தம்மைத் தாமே ஆண்டு படித்தார். கைப்பேசிக்கும் திரைப்பட நடிகருக்கும் கொடுக்கும் நேரத்தில் ஒரு பகுதியைப் புத்தகத்திற்குக் கொடுங்கள். அநீதி நேர்ந்தால் கல்லை எடுக்காமல் தாளை எடுங்கள். நாளும் நேரமும் குறித்து மனு எழுதிப் படியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

சங்க உறுப்பினர்களுக்கு மூன்று பணிகளை முன்வைக்கிறோம். பள்ளி அழைத்து, தந்தையால் செல்ல இயலாதபோது, அவர் ஒப்புதலோடு உறுப்பினர் ஒருவர் சென்று பேச வேண்டும். நம் குடியிருப்பில் மாலைப் படிப்பகம் நாள்தோறும் திறந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாட்கள் பள்ளிக்குச் செல்லவில்லையெனில், நான்காம் நாள் நாம் அவ்வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் பொன் விழாவும் காணும். அன்று, பட்டம் பெற்றோர் எத்தனை பேர் என்று கணக்கெடுப்போம். அத்தோடு, பாதியில் பெயர் நீக்கப்படாமல் காத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கணக்கெடுப்போமாக!