கேள்விக்குப் பதில் சொன்னால் காசு வருமா?



"வீட்டில் இருந்தபடியே கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள், நாளுக்கு 300 வெள்ளி சம்பாதியுங்கள்." இப்படி ஒரு செய்தி உங்கள் கைத்தொலைபேசிக்கும் வந்திருக்கும். இது உண்மையா, மோசடியா? புலாவ் செபாங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களும், தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறியவர்களும் ஆசிரியர்களாகிய எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர், ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் எங்களைத் தேடி வந்தார். கைத்தொலைபேசியைக் காட்டி, "டீச்சர், கடைகளைப் பற்றி மூன்று கேள்விக்குப் பதில் சொன்னேன். 15 வெள்ளி பேங்கில் வந்துவிட்டது. இது நல்லதுதானே?" என்று கேட்டார். நாங்கள் பார்த்தோம். பணம் வந்திருந்தது உண்மை. "பரவாயில்லையே அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த ஒரு சொல்லை இன்று நினைத்தாலும் எங்களுக்கு மனம் உறுத்துகிறது.

ஐந்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். இம்முறை 1,000 வெள்ளி கடன் கேட்டார். "எதற்கம்மா?" என்று விசாரித்தபோதுதான் முழு விவரமும் வெளிவந்தது. கேள்விகளுக்குப் பிறகு அவரை டெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். 100 வெள்ளி கட்டினால் 130 வெள்ளி என்றார்கள். கட்டினார், 130 வந்தது. அடுத்து 500 கட்டச் சொன்னார்கள். அது திரும்பி வரவில்லை. "இது மூன்று பணிகள் சேர்ந்த தொகுதி, மூன்றையும் முடித்தால்தான் பணத்தை எடுக்கலாம்" என்றார்கள். அதற்காக 1,300, பிறகு 3,000. மகள் ஆறாம் படிவம் முடித்து மேலே படிக்க என்று சேர்த்து வைத்திருந்த 4,800 வெள்ளியும் போய்விட்டது. ஆனால் கைத்தொலைபேசித் திரையில் அவர் பெயருக்கு 7,000 வெள்ளி இருப்பதாகக் காட்டியது. அதை எடுக்க "வரி" 1,000 வெள்ளி கட்ட வேண்டுமாம். அதற்குத்தான் கடன்.

நேயர்களே, அந்த 7,000 வெள்ளி எங்கும் இல்லை. நாம் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதும் எண் போன்றது அது. எழுதியவர் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.

அப்படியானால் இப்படிக் கேள்வி கேட்பவர் எல்லாரும் மோசடிக்காரர்களா? இல்லை. ஒரு சவர்க்காரமோ மைலோவோ விற்கும் நிறுவனம், மக்கள் எதை வாங்குகிறார்கள், எதை ஏன் வாங்காமல் விடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும். அதைக் கேட்டறிந்து சொல்வதற்கென்றே ஆய்வு நிறுவனங்கள் உள்ளன. முன்பு ஆட்கள் காகிதத்துடன் வீடு வீடாக வந்து கேட்டார்கள். இப்போது இணையத்தில் கேட்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கப்பட்ட யூகவ் அத்தகைய நிறுவனங்களில் ஒன்று. நம் நாட்டிலும் அது கருத்துக் கேட்டு வருகிறது. பதில் சொல்பவருக்குப் புள்ளிகள் தருவார்கள். புள்ளிகள் குறிப்பிட்ட அளவு சேர்ந்த பிறகுதான் பணமாகவோ பரிசுக் கூப்பனாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அதில் கிடைப்பது மிகச் சிறிது. பத்து நிமிடம் செலவழித்தால் சில சென்னோ, ஓரிரு வெள்ளியோ பெறுமானமுள்ள புள்ளிகள். பாதிக் கேள்வியில் "நாங்கள் தேடும் ஆள் நீங்கள் இல்லை" என்று நிறுத்திவிடுவதும் உண்டு. மாதக்கணக்கில் செய்தால் பிள்ளைக்கு ஒரு புத்தகப்பை வாங்கலாம். குடும்பத்தை நடத்த முடியாது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. வெயிலில் செம்பனைக் குலை வெட்டி ஒரு மாதம் உழைத்தவருக்கு அது. சோபாவில் உட்கார்ந்து ஆறு நாள் கேள்விக்குப் பதில் சொன்னால் அதைவிட அதிகம் என்று ஒருவன் சொன்னால், அந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்று நாம் கேட்க வேண்டாமா?

அப்படியானால் அந்தத் தாயாருக்கு வந்த 15 வெள்ளி யாருடையது? எந்த நிறுவனமும் கொடுத்ததன்று. பெரும்பாலும் அது இன்னொரு ஊரில் ஏமாந்த இன்னொருவரின் பணம். தூண்டிலில் மாட்டும் புழுவை மீனவன் மீனுக்கு விருந்தாகப் போடுவதில்லை. இந்த வழி புதிதுமன்று. 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்ல்ஸ் பொன்சி என்பவன் 45 நாளில் 50 விழுக்காடு லாபம் தருவதாகச் சொன்னான். பின்னால் வந்தவர் கட்டிய பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்கு லாபம் என்று கொடுத்தான். வாங்கியவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள், கூட்டம் பெருகியது. அதே ஆண்டிலேயே எல்லாம் சரிந்தது. ஆகவே, "எனக்குப் பணம் வந்ததே" என்பது நல்ல நிறுவனம் என்பதற்குச் சான்றாகாது. நாங்கள் தவறியது அந்த இடத்தில்தான்.

பார்க்க வேண்டியது ஒன்றே: பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது? கேள்வி கேட்பவருக்கு நம் பதில் தேவை. ஆகவே அவர்தான் நமக்குக் கொடுக்க வேண்டும். பதிவுக் கட்டணம், முன்பணம், வரி, கணக்கைத் திறக்கும் கட்டணம் என்று எந்தப் பெயரில் நம்மிடம் ஒரு வெள்ளி கேட்டாலும் அது மோசடி. அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும். அதுபோல அடையாளக் கார்டின் படம், பேங்கின் மறைச்சொல், கைத்தொலைபேசிக்கு வரும் டேக் எண் ஆகியவற்றைக் கேட்பவருக்கும் பதில் சொல்ல வேண்டாம். சவர்க்காரத்தைப் பற்றிக் கேட்பவருக்கு நம் டேக் எண் எதற்கு?

"முன்பணம் கட்டுவதே தவறா? அந்தக் காலத்தில் சம்பந்தன் சங்கத்துக்குக் கட்டவில்லையா?" என்று பெரியவர் ஒருவர் எங்களைக் கேட்டார். நல்ல கேள்வி. 1950களின் இறுதியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி என்று கட்டினார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அங்கே சங்கம் சட்டப்படி பதிவானது. பணம் வாங்கியவரின் முகம் தெரியும், அலுவலகம் தெரியும். வாங்கிய தோட்டத்தை நடந்துபோய்ப் பார்க்கலாம். டெலிகிராமில் பேசுகிறவருக்கு முகமும் இல்லை, முகவரியும் இல்லை. பணம் போடச் சொல்லும் கணக்குகூட நிறுவனத்தின் பெயரில் இல்லை. யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருக்கும்.

அந்தத் தனி ஆள் யார்? இதை வீட்டில் இளம்பிள்ளைகள் உள்ள பெற்றோர் கூர்ந்து கேட்க வேண்டும். "உன் பேங்க் கார்டைக் கொடு, சில நூறு வெள்ளி தருகிறேன்" என்று நம் பையன்களிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்தவரின் பணத்தை அந்தக் கணக்கில் வாங்கி மறுநிமிடமே வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறார்கள். இதைத்தான் கழுதைக் கணக்கு என்கிறோம். சுமை கழுதையின் முதுகில், லாபம் வேறொருவருக்கு. போலீஸ் தேடி வரும்போது கணக்கில் இருக்கும் பெயர் நம் பையனுடையது. இதற்கென்றே 2024இல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன. "எனக்குத் தெரியாது, கார்டைத்தான் கொடுத்தேன்" என்று தப்பிவிடலாம் என நினைக்க வேண்டாம். பேங்க் கார்டு யாருக்கும் இரவல் கொடுக்கும் பொருளன்று.

பணம் போடுவதற்கு முன், போலீஸ் படையின் செமாக் மியூல் என்ற இணையப் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டுப் பார்க்கலாம். அதன்மேல் புகார்கள் இருந்தால் அது காட்டும். ஆனால் புகார் இல்லை என்று வந்தால் நல்ல கணக்கு என்று பொருள் கொள்ளாதீர்கள். நேற்றுத் திறந்த கழுதைக் கணக்கின்மேல் இன்னும் யாரும் புகார் செய்திருக்க மாட்டார்கள்.

ஒருவேளை பணம் போய்விட்டால், 997 என்ற எண்ணை உடனே அழையுங்கள். இது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். போலீஸ், பேங்க் நெகாரா முதலியவை கைகோத்து, பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று பின்தொடர்ந்து தடுத்து நிறுத்த முயல்கின்றன. உங்கள் பேங்குக்கும் சொல்லுங்கள். போலீஸ் நிலையத்தில் புகாரும் செய்யுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ நிமிடங்களே போதும். எனவே தாமதம் கூடாது. அந்தச் செய்திகளையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் அழித்துவிடாதீர்கள்.

அந்தத் தாயாரோடு நாங்களும் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். பேங்குக்கும் போனோம். ஆனால் ஐந்து நாள் கடந்துவிட்டது. பணம் திரும்பவில்லை. "முதல் 500 வராதபோதே ஏன் சொல்லவில்லை அம்மா?" என்று கேட்டோம். "வீட்டுக்காரர் திட்டுவார் டீச்சர். லயத்தில் நாலு பேர் சிரிப்பார்கள். இன்னும் கொஞ்சம் கட்டினால் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்தேன்" என்றார். 500 வெள்ளியோடு முடிந்திருக்க வேண்டியதை 4,800 ஆக்கியது இந்தப் பயம்தான்.

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவர் ஏமாந்து வந்து சொன்னால், அந்த நேரத்தில் திட்டாதீர்கள். முதலில் 997க்கு அழையுங்கள். படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்; ஆசிரியர்களாகிய நாங்களே 15 வெள்ளியைப் பார்த்து நம்பிவிட்டோம். அந்த மாணவி இப்போது ஆறாம் படிவத்தில் படிக்கிறாள். தாயார் மீண்டும் சேமிக்கத் தொடங்கியிருக்கிறார். கைத்தொலைபேசிக்குப் புதிதாக எந்தச் செய்தி வந்தாலும் மகளிடம் காட்டிவிட்டுத்தான் தொடுகிறார். அந்தப் பழக்கம் நம் ஒவ்வொரு வீட்டிலும் வரவேண்டும்.