நடுவில் நிற்கிற கை



இந்தத் திருச்சி வானொலி நிலையத்துக்கும் ஒரு நெல்லுக்கும் உறவு உண்டு. 1960-களில் ஆடுதுறையிலிருந்து ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தது. அதைப் பற்றி இந்த நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகள் விடாமல் எடுத்துச் சொல்லின. தஞ்சாவூர்ப் பக்கத்து உழவர்கள் கேட்டார்கள், விதைத்தார்கள். ஆனால் ஏடிடி 27 என்ற பெயர் அவர்கள் நாக்கில் ஏறவில்லை. அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'.

உருவாக்கியவர் ஒருவர், விளைவித்தவர் இன்னொருவர். நடுவில் நின்று நாலு பேருக்குச் சொன்னவரின் பெயர் பொருளோடு ஒட்டிக்கொண்டது. அந்த நடு ஆளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். தன் ஊரில், தன் தெருவில் ஒருவர் செய்த பொருளை இன்னொருவரிடம் கொண்டுசேர்த்து, அதில் தானும் நாலு காசு பார்க்கிறவர். செய்கிறவரைப் பாராட்டுகிறோம். வாங்குகிறவரை வரவேற்கிறோம். இந்த மூன்றாமவரை மட்டும் தரகர் என்று சொல்லித் தள்ளிவைத்துவிடுகிறோம். அவர் வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துபோனது. தெரிந்த விதம்தான் வருத்தமானது.

எங்கள் வீடு ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் இருந்தது. பங்குனி முடிந்து வெயில் ஏறினால் எல்லா மொட்டைமாடிகளிலும் பழைய வேட்டி விரிந்துவிடும். விடிவதற்கு முன்பே அம்மா கூழ் கிளறி முடித்திருப்பாள். பச்சை மிளகாயும் பெருங்காயமும் எலுமிச்சையும் சேர்ந்த அந்தச் சூட்டு வாசனையில்தான் நாங்கள் கண் விழிப்போம். வேட்டியின் நாலு மூலையிலும் கல் வைத்து, கறுப்புக் குடையை விரித்து, காக்கை விரட்டுவது என் வேலை. அப்பாவின் சம்பளம் போதாமல் போன ஒரு வருஷம், வீட்டுக்குப் போக மிஞ்சிய வடாத்தை விற்கலாம் என்று அம்மா தீர்மானித்தாள். ஒரு கடையில் கொடுத்தோம். எந்தக் கடை என்பது இப்போது முக்கியமில்லை. "வித்ததும் பணம் தந்துடறோம் மாமி" என்றார்கள்.

வடாம் விற்றுவிட்டது. அது எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் இன்னும் வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். பணம் மட்டும் வரவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் போய் நிற்பேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்பேன். "அடுத்த வாரம் வா தம்பி" என்பார்கள். மறுகோடையும் இதே கதை. மூன்றாவது கோடையில் அம்மா வீட்டுக்கு மட்டும்தான் வடாம் இட்டாள். கைப்பக்குவம் அப்படியே இருந்தது. அரிசி வாங்கப் போட்ட கைமுதல்தான் திரும்பி வரவே இல்லை.

சிறு அளவில் பொருள் செய்கிறவர்கள் தொழிலை விடுவதற்குத் தரக்குறைவும் போட்டியும் காரணம் என்று சொல்லக் கேட்கிறோம். நான் பார்த்தவரையில், விற்ற பொருளுக்குப் பணம் தாமதிப்பதுதான் பெரும்பாலானவர்களை உட்காரவைக்கிறது.

நம் ஊர்ப் பொருள் வெளியூர் போவது ஒன்றும் புதிதல்ல. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, அர்காரு என்ற இடத்தின் மெல்லிய துணியைப் பற்றிச் சொல்கிறது. அந்த அர்காரு நம் உறையூர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கப்பல்காரர்களுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருக்கிறது. தறியில் உட்கார்ந்தவர் யார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறையூர்ச் சுருட்டுக்கும் இதுவே நடந்தது. இங்கிலாந்தில் 'திரிச்சினாப்பள்ளி' என்றாலே ஒரு சுருட்டு வகை என்று அர்த்தமாகிவிட்டது. 1887-இல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே இது திரிச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். புகையிலையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. உலகமே ஊரைத் தெரிந்துகொண்ட காலத்திலும், இலையைச் சுருட்டிய விரல்களுக்குப் பெயர் இல்லாமல் போனதைத்தான் சொல்கிறேன்.

அதனால்தான் கோ-ஆப்டெக்ஸ் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு அமைப்பு அது. அதன் சில புடவைகளோடு ஓர் அட்டை வரும். நெய்தவரின் பெயரும் படமும் அதில் இருக்கும். புடவையைப் பிரிக்கும்போது ஒரு முகம் நம்மைப் பார்க்கிறது. விலையைக் குறைத்துக் கேட்க நினைத்த வாய் அங்கே கொஞ்சம் தயங்கும். அந்த ஓர் அட்டைக்கு ஆகும் செலவு சில ரூபாய்தான்.

சரி, நடு ஆள் என்னதான் செய்கிறார்? மணப்பாறைக்குப் போவோம். திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில் நின்றதும் முறுக்குப் பொட்டலங்கள் ஜன்னலுக்கு வந்துவிடும். அரிசி மாவு, எள், ஓமம். ஒரு தடவை எண்ணெயில் போட்டு எடுத்து, ஆறவைத்து, மறுபடியும் பொரிப்பார்கள். ஊர்த் தண்ணீரின் லேசான உப்புதான் சுவைக்குக் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்றிதழ் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே முறுக்கின் பேரை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள், பிளாட்பாரத்தில் ஓடியவர்கள். அடுப்படியில் வேகிறவர் ஒருவர், ரயிலோடு ஓடுகிறவர் ஒருவர். வண்டி நிற்கும் அந்தச் சில நிமிஷத்தில் பார்த்து, பேசி, சில்லறை கொடுத்து முடிக்க வேண்டும். அவர் கைக்கு வரும் லாபத்தைக் கூலி என்றுதான் சொல்வேன். கமிஷன் என்ற சொல்லைக் கேட்டாலே நாம் முகம் சுளிப்பது நியாயமில்லை.

கடல் கடந்தும் இப்படி ஒருவர் இருந்தார். எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி, பென்சில்வேனியாவில் வாழ்ந்தவர். 1946-இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போனவர், அங்கே நேர்த்தியாகப் பூத்தையல் போடும் பெண்கள் வறுமையில் இருப்பதைப் பார்த்தார். கை இருந்தது, வாங்க ஆள் இல்லை. துணிகளை ஊருக்குக் கொண்டுவந்து, கார் டிக்கியில் வைத்து, அக்கம்பக்கத்தாரிடமும் தெரிந்த பெண்களிடமும் காட்டி விற்றார். துணிகளைத் தைத்த பெண்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி விற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'டென் தௌசண்ட் வில்லேஜஸ்' என்ற நியாய வணிக அமைப்பு. அவர்களுடைய வழக்கம் ஒன்று உண்டு. ஆர்டர் கொடுக்கும்போதே பாதிப் பணம், சரக்கு கப்பலேறும்போது மீதிப் பணம். இங்கே விற்றுத் தீரும்வரை அங்கே ஒருவர் காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படித்தபோது நான் முதலில் நினைத்தது கடை வாசலில் நின்ற அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனைத்தான்.

இனி கணக்குக்கு வருவோம். ஆசையாகத் தொடங்கி ஆறே மாதத்தில் கைவிடுகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பொட்டலம் அப்பளத்துக்குச் செய்தவர் 60 ரூபாய் கேட்கிறார். நீங்கள் 75-க்கு விற்கிறீர்கள். மாதம் 100 பொட்டலம் எடுத்தால் 1,500 ரூபாய் மிஞ்சும் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் அப்பளம் உடையும். ஐந்து பொட்டலம் நொறுங்கிவிட்டது என்றால் விற்றது 95-தான், கைக்கு வந்தது 7,125. செய்தவருக்கு 6,000 கொடுத்தாக வேண்டும். ஆட்டோவுக்கும் பைகளுக்கும் 225 போனால் நிற்பது 900 ரூபாய். ஒரே பொருளை நம்பி இறங்கினால் 900-தான். பத்து வீட்டுப் பொருளை ஒரே நடையில் கொண்டுபோனால் அதே ஆட்டோச் செலவில் கணக்கு மாறும். அதனால்தான் விற்றுக் கொடுக்கிறவர் ஒருவரை மட்டும் நம்பாமல் பலரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உடைந்த ஐந்து பொட்டலத்தின் நஷ்டம் யாருக்கு என்று முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வழியில் உடைந்தால் கொண்டுபோனவர் பொறுப்பு, கட்டும்போதே உடைந்திருந்தால் செய்தவர் பொறுப்பு. இதை எழுதிவைக்காமல் பிரிந்துபோன சிநேகிதங்களை நான் பார்த்திருக்கிறேன். தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். பொட்டலத்தின் மேல் செய்தவர் பெயர், முகவரி, எடை, சேர்மானம், செய்த தேதி, எத்தனை நாள் தாங்கும், விலை எல்லாம் அச்சாக வேண்டும். தெரிந்தவர் வீட்டுப் பலகாரம்தானே என்று இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சாப்பிடப்போவது ஒரு குழந்தையாக இருக்கலாம்.

பொருளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. முசிறி, தொட்டியம் பக்கம் கோரைப்பாய் நெய்கிறார்கள். வெயில் காலத்தில் அதில் படுத்துப் பழகியவர்கள் வேறு எதிலும் படுக்க மாட்டார்கள். உறையூரிலும் மணமேட்டிலும் பருத்திப் புடவை. காவிரிக் கரை முழுக்க வாழை. தார் வெட்டியதும் மரத்தைத் தள்ளிவிடுகிறோம், ஆனால் அந்த மட்டைக்குள் நார் இருக்கிறது, கூடையும் பையும் அதில் வரும். 1993-இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம், வாழைப்பூ, வாழைத்தண்டு, காய், நார் இவற்றிலிருந்தெல்லாம் பொருள் செய்யப் பயிற்சி தருகிறது. பயிற்சி முடித்து வருகிற பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். "செய்யத் தெரியும் சார், எங்க விக்கறதுன்னுதான் தெரியலை" என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்.

அரசு இதை யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1989-இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்களாகத் தொடங்கிய முயற்சி, பின்னால் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. குழுக்களின் பொருளை மாணவர்களிடமே கொண்டுபோகக் கல்லூரிச் சந்தை நடத்துகிறார்கள். நவராத்திரிக்கு முன்னால் சிங்காரத்தோப்பு பூம்புகார் விற்பனை நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள், கொலு பொம்மைக் கண்காட்சியில் கூட்டம் நெருக்கும். ஆனால் கண்காட்சி சில நாளில் முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் ஒருவர் கதவைத் தட்டி, "போன தடவை வாங்கின பாய் எப்படி இருக்கு?" என்று விசாரிக்க வேண்டும். தெருவில் குடியிருக்கிறவருக்குத்தான் அது முடியும். எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறான், எந்தப் பாட்டிக்குக் காரம் ஆகாது என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வருகிறவர்கள் வீட்டுக்கு ஏதாவது வாங்கிப்போக ஆசைப்படுகிறார்கள். எங்கேயும் கிடைக்கிற பிளாஸ்டிக் பொம்மையை அவர்கள் கையில் கொடுத்து அனுப்புகிறோம். பத்து மைல் சுற்றளவில் ஒருவர் கையால் செய்த பொருள் இருக்கும்போது இப்படி அனுப்புவது எனக்கு மனசு கேட்கவில்லை.

அம்மாவின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. கொடுத்த வடாத்தின் எடை ஒரு பக்கம், தேதியோடு. வரவு என்று கோடு போட்ட பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.

போன மாதம் கீழச் சித்திரை வீதியில் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். பதினோரு பேர் செய்யும் பொருளை அவர் விற்றுக் கொடுக்கிறார். ஊறுகாய், நார்க்கூடை, பாய், மெத்தென்ற பருத்தித் துண்டு. அன்று சனிக்கிழமை சாயங்காலம். கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கவரின் மேலும் ஒரு பெயரை எழுதி, வாரக் கணக்கைப் பார்த்துப் பணத்தை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். ஒருவருடைய துண்டு இன்னும் முழுசாக விற்கவில்லை. அவர் கவரிலும் பாதிப் பணம் போட்டார். பதினோரு கவரும் முடிந்தபின் மிஞ்சியதை எண்ணி, பன்னிரண்டாவது கவரில் போட்டு, அதன் மேலும் பெயர் எழுதினார். அவர் பெயர்.