வடம் பிடிக்கும் கை



ஊர் கூடித் தேர் இழுப்போம் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அந்த வடத்தைத் தொட்டவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே இழுக்கிறார்கள்? பிரான்சு நாட்டு வேளாண் பொறியாளர் மாக்சிமிலியன் ரிங்கெல்மான் இதை அளந்தே பார்த்தார். 1913-இல் அவருடைய முடிவுகள் அச்சாயின. எட்டுப் பேராகச் சேர்ந்து கயிறு இழுத்தபோது, ஆளுக்குக் கிடைத்த பலம் தனியாக இழுத்ததில் ஏறக்குறையப் பாதிதான்.

எட்டுப் பேரும் ஒரே நொடியில் தம் கட்டி இழுக்க முடியாதே, அதனால்தான் என்று சொல்லலாம். அது ஓரளவு உண்மை. ஆனால் 1974-இல் அமெரிக்காவில் ஆலன் இங்காம் குழுவினர் ஓர் ஆளின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்கள்; ஒருவரும் இழுக்கவில்லை. அப்போதும் முன்னால் நின்றவரின் பிடி தளர்ந்தது! பின்னால் ஆள் இருக்கிறது என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

உடனே மனிதன் சோம்பேறி என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1981-இல் கிப்ளிங் வில்லியம்சும் அவருடைய தோழர்களும் மாணவர்களைக் கூட்டமாகக் குரல் எழுப்பச் சொன்னார்கள். ஒவ்வொருவர் குரலும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அந்தத் தளர்ச்சி போன இடம் தெரியவில்லை. தன் பங்கு கண்ணுக்குத் தெரியும்போது மனிதன் உழைக்கிறான்.

காசு கொடுத்தால் நடக்காதா என்பீர்கள். எட்வர்ட் டெசி 1971-இல் அதையும் சோதித்தார். புதிர் விடுவிக்கக் காசு வாங்கிப் பழகிய மாணவர்கள், காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்துபோனது.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள், ஒரு பைசா வாங்காமல், பழைய தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். அந்த மின்நூல்களைத் திறந்து பாருங்கள். நூல் தொடங்குமுன் தட்டெழுதியவர் பெயர் இருக்கும். மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இருக்கும். அந்தப் பக்கத்தில்தான் எனக்குக் கண் கலங்கும். முகம் பார்த்திராத ஒருவர், எங்கோ ஓர் ஊரில் வேலை முடிந்து வந்து, இரவில் ஓலைச்சுவடிக் காலத்துச் செய்யுளை எழுத்து எழுத்தாக ஏற்றியிருக்கிறார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர் செய்தது கூட்டத்தில் கரைந்தும் போகவில்லை.

நம் நூலகத்தில் செல்லரிக்கும் பழைய இதழ்களை மின்னாக்கம் செய்யப் போகிறோம். 'எல்லோரும் உதவுங்கள்' என்று நான் கேட்கப் போவதில்லை. மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. எந்த இதழ், எத்தனை பக்கம் என்பதை நீங்களே தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். முடித்த இதழின் முதல் பக்கத்தில் அந்தப் பெயர் அப்படியே ஏறும். முதல் இதழை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது.