ஆத்திரத்திற்கு ஐந்து மடங்கு

(மாணவர் படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சமூக ஊடகம் இளைஞர்களை என்ன செய்கிறது என்று பேசச் சொல்லியிருக்கீங்க. இந்தத் தலைப்புக்கு வழக்கமான ஒரு பேச்சு இருக்கு. செல்போன் வந்தது, படிப்பு போச்சு, பண்பாடு போச்சு. யாருடைய பண்பாடு போச்சு என்று கேட்டால் பதில் வராது. சேரிப் பையன் கையில் போன் இருப்பதே சிலருக்கு உறுத்துது. அந்தப் புலம்பலோடு நமக்கு வேலை இல்லை.

ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா போன அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் 'பண்பாட்டுத் தொழில்' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார்கள். சினிமாவும் ரேடியோவும் ஒரே அச்சில் வார்த்த சரக்குகள், உழைத்துக் களைத்தவனின் ஓய்வையும் மூலதனம் விடுவதில்லை என்றார்கள். 1977இல் கனடாவின் டல்லஸ் ஸ்மைத் இன்னும் ஒரு படி போனார். டிவிக்காரன் விற்கிற சரக்கு நிகழ்ச்சி இல்லை, பார்க்கிற நாமதான், விளம்பரதாரருக்கு நம்மைத்தான் விற்கிறான் என்றார். பேஸ்புக்கும் யூடியூப்பும் நம்மகிட்ட காசு கேக்காததன் ரகசியம் இதுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து சில மாதம் டேட்டாவைச் சும்மா கொடுத்ததும் இந்தச் சந்தை நம்ம தெருக்கோடி வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அந்த ஜெர்மன்காரர்களுக்குச் சாதி தெரியாது. எல்லாரும் ஒரே மாதிரி ஆக்கப்படுகிறார்கள் என்று அவர்கள் பயந்தார்கள். இங்கே எந்திரம் யாரையும் ஒண்ணாக்கலை. ஊரை ஊராகவும் சேரியைச் சேரியாகவும் வைத்தே வியாபாரம் பண்ணுது.

எப்படி? 2017இல் பேஸ்புக் ஒரு கணக்கு வைத்தது. ஒரு பதிவுக்கு நீங்க போடுற லைக்கைவிட கோபம், சிரிப்பு, அழுகை முகங்களுக்கு ஐந்து மடங்கு மதிப்பு. மதிப்பு கூடின பதிவு நிறையப் பேருக்குப் போகும். கோப முகம் வாங்குகிற பதிவுகளில் பொய்யும் விஷமும் அதிகம் என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டார்கள். அப்புறம் கோபத்தின் மதிப்பைக் குறைத்துக் குறைத்து 2020இல் பூஜ்யமாக்கினார்கள். அங்கே வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் ஆவணங்களை வெளியே கொண்டுவந்த பிறகு, 2021இல்தான் நமக்கு இது தெரிஞ்சது.

இப்போ 'ஆண்ட பரம்பரை' வீடியோவை எடுத்துக்குங்க. அரிவாள், புல்லட், சினிமா வசனம், முப்பது விநாடி. நம்ம பையன் ஆத்திரத்தோடு கீழே போய்த் திட்டுறான். அவனுக்கு அது எதிர்ப்பு. எந்திரத்துக்கு அதுவும் ஒரு எண்.

2015 ஜூனில் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். பொறியியல் படித்த தலித் இளைஞர். திருச்செங்கோட்டுக் கோவிலில் ஆதிக்கசாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்ததுதான் அவர் செய்த 'குற்றம்'. முதல் குற்றவாளி போலீசுக்குத் தலைமறைவு, வாட்ஸ்அப்பில் தலைமறைவு இல்லை. ஒளிந்திருந்த இடத்திலிருந்தே குரல் பதிவுகள் வந்தன, வீரகதை மாதிரி சுற்றின. 2022 மார்ச்சில்தான் ஆயுள் தண்டனை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு பள்ளிக்கூடம் போனவர்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. இதுக்குப் போன்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. 1968இல் வெண்மணியில் யார் கையில் போன் இருந்தது? 1997இல் மேலவளவில்? சாதி தானாகவே கொல்லும். ஆனால் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்து, மாணவர் கையில் கட்டுகிற சாதிக்கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. வாத்தியார் அந்தக் கயிற்றை அவுத்துடலாம். ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேட்டஸில் ஓடுகிற கயிற்றை யார் அவுக்கிறது?

அதுக்காகப் போனைத் தூக்கி எறிய முடியாது. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் விளம்பரம் போட மறுத்தது 'கேசரி'. 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலாவின் கடிதம் எந்தக் கேசரியின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை, போனுக்குப் போன் போய்ச் சேர்ந்தது. இது சின்ன விசயம் இல்லை.

ஆனால் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினாரே, எதை முதல் பக்கத்தில் போடுவது என்பது அவர் கையில் இருந்தது. இப்போ நாம பேசுவது வாடகை நிலத்தில். 2018 நவம்பரில் ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சி இந்தியா வந்தபோது, பார்ப்பனிய ஆணாதிக்கத்தை நொறுக்கு என்ற சுவரொட்டியைத் தலித் செயல்பாட்டாளர் ஒருவர் அவருக்குக் கொடுத்தார். அதைக் கையில் பிடித்தபடி அவர் நின்ற படம் வெளியாகி, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்கள். அரிவாள் வீடியோவுக்கு யார் மன்னிப்புக் கேட்டா?

அதனால ஒரு வேலை சொல்றேன். ஒரு வாரம், நீங்க தேடாமலே உங்க போனில் வந்து விழுகிற சாதி வீடியோக்களை நோட்டில் எழுதுங்க. தேதி, போட்டது யார், எத்தனை பேர் பார்த்தது, அதுக்கு முன்னாடி நீங்க என்ன பார்த்தீங்க. பெண் தோழர்கள் தனியா எழுதுங்க, உங்களுக்கு வர்ற வசவு வேற மாதிரி. அடுத்த கூட்டத்தில் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் படிப்போம்.