மலைநாட்டுத் துப்பாக்கிகள் சொல்லும் கதை



பழைய நாணயம் சேர்ப்போரை நாம் அறிவோம். முத்திரை சேர்ப்போரையும் அறிவோம். பழைய போர்த் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்போரும் உலகின் பல பாகங்களில் இருக்கின்றனர். தேயிலைக் கொழுந்து கிள்ளும் நம் மலைநாட்டுக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அதைச் சொல்வதே இன்றைய பேச்சு.

1900ஆம் ஆண்டில் தோட்டத் துரைமாரைக் கொண்ட துப்பாக்கிப் படையொன்று இலங்கையில் அமைந்தது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அத்தொண்டர் படையில் ஐரோப்பியருக்கே இடமிருந்தது. தென்னாபிரிக்கப் போருக்கு அதன் ஆட்கள் சென்றனர். 1914இல் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறி, பின்னர் கலிப்பொலிக் களத்தையும் கண்டது. 1949இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்த துரையே, படைப் பயிற்சி நாளில் துப்பாக்கி ஏந்திய வீரராகவும் நின்றார்.

அக்காலப் பிரித்தானியப் படையின் துப்பாக்கி 1895இல் வந்த லீ-என்பீல்ட். அதற்கு முன் 1871இல் வந்த மார்ட்டினி-ஹென்றியில் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தோட்டாவாக இட வேண்டும். லீ-என்பீல்டின் பெட்டியிலோ பத்துத் தோட்டாக்கள் அடங்கும். சேகரிப்போர் இவற்றைக் கையில் எடுத்ததும் இரும்பில் பொறித்த அடையாளங்களையே முதலில் படிப்பர். முடியும், அதன் கீழ் அரசரின் பெயரெழுத்தும் ஆண்டும் தெரியும். அகன்ற அம்புக்குறி அரசாங்க உடைமை என்பதைக் காட்டும். இரண்டு அம்புகள் முனையோடு முனை சந்தித்தால், படைச் சேவையிலிருந்து நீக்கி விற்கப்பட்டதென்று பொருள். உறுப்புகளிலுள்ள இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்திருந்தால் மதிப்பு உயரும். பழமையின் நிறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர் வரலாற்றையே தேய்த்து விடுகிறார். ஆறாயிரம் அடிக்கு மேலான நுவரெலியாப் பனிமூட்டத்தில் இரும்பு விரைவில் துருவேறும். ஆதலால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் ஈரமற்ற இடமும் இன்றியமையாதவை.

கைத்துப்பாக்கியின் கதை வேறு. பிரித்தானியப் படை அதிகாரிகள் தம் கைத்துப்பாக்கியைத் தாமே பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் முதலாம் உலகப் போர்க்காலம் வரை இருந்தது. படையின் தோட்டாவை ஏற்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. பலர் வெப்லி ரிவோல்வரைத் தேர்ந்தனர். அது நடுவிலே மடிந்து திறக்கும். ஆறு வெற்றுக் கூடுகளும் ஒருங்கே வெளியே விழும். 1915இல் வந்த ஆறாம் மாதிரி ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுடையது. அமெரிக்காவின் 1911ஆம் ஆண்டுக் கோல்ட் கைத்துப்பாக்கியோ கைப்பிடிக்குள் ஏழு தோட்டாக்களைத் தாங்கும். எளிய அமைப்பா, மிகுந்த தோட்டாவா, சுமக்கத் தக்க எடையா என்றெல்லாம் ஆராய்ந்து தெரிந்தனர்.

ஆயினும் நேயர்களே, இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு. யாருக்கு அஞ்சி இதைச் சுமக்கிறோம்? பங்களாவின் மேசை அறையில் ஒரு கைத்துப்பாக்கி கிடந்தால், அது பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையேயுள்ள தூரத்தின் அளவுகோலுமாகும். ஆயுதத்தைத் தெரிவு செய்கிறவர் தம் அயலாரை எவ்வாறு மதிக்கிறார் என்பதையும் சேர்த்தே தெரிவு செய்கிறார்.

1940 சனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பொலிஸாரின் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். விசாரணைக் குழு அமைந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த பிணக்கில் அமைச்சர் குழுவே பதவி துறக்கும் நிலை வந்தது. 1977 மே மாதத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்விருவர் பெயரையும் மலையக மக்கள் இன்றளவும் நினைவில் வைத்துப் போற்றுகின்றனர். துப்பாக்கியின் இலக்கத்தை ஏட்டில் எழுதுவது எளிது. அதன் வாய்க்கு முன்னே நின்றவரின் பெயரையும் எழுதினாலன்றோ அந்த ஏடு நிறைவு பெறும்!

இன்று இந்நாட்டில் சுடுகலன் வைத்திருப்போர் 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அனுமதிப்பத்திரம் இன்றி வைத்திருத்தல் குற்றம். 2024இன் இறுதியில், தனிப்பட்ட பாதுகாப்புக்கென வழங்கப்பட்டிருந்த சுடுகலன்களைத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. பாட்டனார் காலத்துத் துப்பாக்கி பரணிலே கிடக்கக் கண்டவர் அதைத் திறந்து பார்க்க முற்படாமல் பொலிஸாருக்கு அறிவிப்பதே முறை. துருப்பிடித்த குழலுக்குள்ளும் உயிருள்ள தோட்டா இருக்கக்கூடும்.

இறுதியாக ஒரு செய்தி. கண்டி அரசருக்குரிய லெவ்கே பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்தது, 1765இல் ஒல்லாந்தர் கைப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையில் நெடுங்காலம் காட்சிக்கிருந்த அது 2023 டிசம்பரில் தாயகம் மீண்டது. யார் செய்தது, யாருடையது, எவ்வாறு பறிபோனது என்று ஆராய்ந்த பின்னரே அது திரும்பியது. சேகரிப்பின் உயர்ந்த தொழில் அதுவே. இரும்பைக் காப்பதோடு நில்லாமல், அந்த இரும்பு செய்ததையும் மறைக்காமல் காக்க வேண்டும்.