ஐவர் ஆட்டம்



பள்ளி நாட்களைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசவேண்டும் என்று நிலையத்தார் பணித்தபோது, எந்த வகுப்பறையும் என் நினைவுக்கு வரவில்லை. எனக்குக் கணக்கும் பூகோளமும் போதித்த ஆசிரியர்கள் தகுதியில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுடன் ஒத்துழைக்க என் மூளைதான் மறுத்துவிட்டது. எனக்கு முதலில் நினைவு வந்தது மாலை நாலேகால் மணிக்கு அடிக்கும் கடைசி மணி. மணி என்று பெயரே தவிர, அது வேப்ப மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. சேவகர் அதை இரும்புக் கம்பியால் தட்டத் தொடங்கியதும், அவர் தட்டி முடிப்பதற்குள் நாங்கள் மைதானத்தில் இருப்போம்.

எங்கள் ஊர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களில் ஒன்று. அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியில் நான் 1960-இல் முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், சேர்ந்தேன். பதினோராம் வகுப்புடன் பள்ளிப் படிப்பு முடிவடைந்த காலம் அது. இன்றுள்ள பன்னிரண்டாம் வகுப்பு முறை தமிழ்நாட்டுக்கு 1978-இல்தான் வந்தது. சுற்று வட்டாரத்தில் வேறு உயர்நிலைப் பள்ளி இல்லாததால் ஐந்து மைல், ஆறு மைல் தொலைவிலிருந்தும் பிள்ளைகள் நடந்து வந்தார்கள். ஒரு கையில் புத்தகப் பை, மறு கையில் பழைய சோற்றுத் தூக்கு; காலில் செருப்பு அணிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவ்வாறு நடந்து வந்தவர்களே விளையாட்டிலும் முன்னின்றார்கள். பள்ளிக்கு அடுத்த தெருவில் குடியிருந்த என் போன்றவர்களுக்கு அரை மைல் ஓடினால் மூச்சு வாங்கும்.

வயது விஷயத்தை இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். விளையாட்டுப் போட்டிகளில் சீனியர், ஜூனியர் என்று வயதைக் கொண்டு பிரிப்பார்கள். அந்த வயதோ, ஆரம்பப் பள்ளியில் சேர்க்கும் நாளன்று வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக் காதைத் தொட முடிகிறதா என்று பார்த்து, ஆசிரியர் உத்தேசமாக எழுதிய வயது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாக ஆனது இப்படித்தான். மீசை அரும்பிய ஜூனியர்களும், குரல் உடையாத சீனியர்களும் ஒரே கோட்டில் ஓடத் தயாராக நின்றதைப் பார்த்து அன்று யாரும் சிரித்ததில்லை.

எங்கள் தேகப் பயிற்சி ஆசிரியரை ஊரார் ‘டிரில் மாஸ்டர்’ என்பார்கள். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்றவர் அவர். அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் தொடங்கிய கல்லூரி அது. பக் துரை 1943-இல் காலமாகிவிட்டார். எங்கள் ஆசிரியர் அவரைக் கண்ணால் கண்டவர் அல்லர். ஆயினும் ‘பக் துரை’ என்று சொல்லும்போது அவருடைய முதுகு தானாக நிமிரும். காலையில் கரளாக்கட்டையும் லேசியமும், மாலையில் ஆட்டங்கள் என்பது அவர் வகுத்த முறை. பள்ளியில் படித்த சில பெண்களுக்கு மட்டும் கும்மியும் கோலாட்டமும் போதும் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. அவருக்கு அதில் சம்மதமில்லை என்பது முகத்திலேயே தெரியும்.

ஆட்டங்களில் எங்களுக்கு உயிரானது பூப்பந்தாட்டம். அந்நாளில் எங்கள் ஊரில் ‘பாட்மிண்டன்’ என்றால் இறகுப் பந்தைக் குறிக்காது. மஞ்சள் நிறக் கம்பளி நூலால் ஆன பந்தையே குறிக்கும். இது நம் மண்ணில் பிறந்த ஆட்டம். 1856-ஆம் ஆண்டளவில் தஞ்சை அரச குடும்பத்தார் இதை ஆடினார்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் வாரிசின்றி மறைய, அரசைக் கும்பினியார் எடுத்துக்கொண்டார்கள். அரசு போயிற்று, ஆட்டம் மட்டும் அரண்மனையை விட்டு வெளியேறி, ரயில்வே காலனிகளுக்கும் கோயில் திடல்களுக்கும் எங்கள் பள்ளி மைதானத்துக்கும் வந்து சேர்ந்தது. அதற்கென்று அகில இந்தியச் சம்மேளனம் 1954-இல் அமைந்தது.

ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இருவர், பின்னால் இருவர், நடுவில் ஒருவர். வாலிபாலில் பந்தைத் தோழனுக்குத் தட்டிக் கொடுத்து, அவன் அடிப்பதற்கு வாய்ப்பு உண்டாக்கலாம். இதில் அது கிடையாது. வந்த பந்தை ஒருவர், ஒரே அடியில், வலைக்கு அப்பால் திருப்பிவிட வேண்டும். ஆகவே, வரும் பந்து யாருடையது என்பதை ஐவரும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்தாக வேண்டும். இருவருக்கு நடுவே வரும் பந்துதான் பெரும்பாலும் விழும். இவன் எடுப்பான் என்று அவனும், அவன் எடுப்பான் என்று இவனும் நிற்க, பந்து இருவர் காலடியிலும் சாதுவாக வந்து உட்காரும். ஆடியவர்களுக்கே அந்த அவமானம் தெரியும்.

கம்பளிப் பந்துக்குக் காற்று ஆகாது. ஆடி மாதத்தில் நாங்கள் மட்டையைத் தொடவே மாட்டோம். ஈரமும் ஆகாது, மார்கழிப் பனியில் பந்து கனத்துவிடும், மட்டையின் நரம்பு தளர்ந்துவிடும். மர மட்டை கோணிப் போகாமலிருக்க இரவில் அதை மரச்சட்டத்தில் வைத்துத் திருகி முடுக்க வேண்டும். பள்ளிக்குச் சொந்தமாக இருந்தவை நான்கு மட்டைகள். ஐந்தாவது என்னுடையது. திருச்சியிலிருந்த என் தாய்மாமன் வாங்கித் தந்தது. உண்மையைச் சொல்வதானால், அணியில் எனக்கு இடம் கிடைத்ததற்கு என் ஆட்டத்தைவிட அந்த மட்டையே பெரிய காரணம். நான் பின்வரிசையில் இடப் பக்கம் நிற்பேன்.

நடுவில் நின்றவனைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன். அவர் பெயரைச் சொல்லக் கூடாதென்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆற்றுக்கு அப்பாலிருந்த சேரியிலிருந்து வந்தவன். தந்தையும் தாயும் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். அறுவடைக் காலத்தில் பத்து நாள் பள்ளிக்கு வரமாட்டான். வந்த முதல் நாளே, இடையில் ஒரு நாளும் மட்டையை விடாதவன் போல ஆடுவான். இரு பக்கத்துக்கும் நடுவே வரும் பந்துகளையெல்லாம் தன்னுடையதாக்கிக் கொண்டவன். ‘எனக்கு!’ என்று அவன் குரல் கொடுத்தால் நாங்கள் நால்வரும் அசையாமல் நிற்போம். மைதானத்தில் அவன் சொன்னதற்கு மறுசொல் இல்லை. மைதானத்துக்கு வெளியே எப்படி என்று அந்நாளில் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

1964 செப்டம்பரில் வட்டாரப் போட்டி வந்தது. குறுவை அறுவடை தொடங்கிவிட்டது. அவன் வருவானோ மாட்டானோ என்றிருந்தது. டிரில் மாஸ்டர் சைக்கிளில் ஆற்றைச் சுற்றிப் போய், பண்ணைக்காரரிடம் நேரில் பேசி, இரண்டு நாளைக்கு அவனை விடுவித்து வந்தார். ஐவரும் மாற்று ஆட்டக்காரன் ஒருவனுமாக ஆறு பேர், ஆசிரியருடன் விடியற்காலைப் பஸ்ஸில் புறப்பட்டோம். எங்களில் இருவருக்கு அதுவே முதல் பஸ் பயணம்.

காலையில் இரண்டு ஆட்டங்களிலும் வென்றோம். இறுதி ஆட்டம் மாலை நான்கு மணிக்கு. பகல் சாப்பாட்டுக்கு அவ்வூரில் ஒரு பெரிய வீட்டில் ஏற்பாடு செய்திருந்தார்கள். கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் எங்களை ஒவ்வொருவராக, எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று பரிவுடன் விசாரித்து உள்ளே அனுப்பினார். அவனிடமும் அதே பரிவுடன்தான் கேட்டார். அவன் சொன்னான். ‘நீ இப்படி வா, தம்பி’ என்று திண்ணையின் கோடியைக் காட்டி, அங்கே ஓர் இலை போடச் சொன்னார். கடிந்து ஒரு சொல் இல்லை. தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-லேயே வந்துவிட்டது என்று எங்கள் வரலாற்று ஆசிரியர் பாடம் நடத்தியிருந்தார். அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்திருந்தது.

எங்கள் ஆசிரியர் அப்போது கூடத்தில் இலைக்கு முன் அமர்ந்துவிட்டிருந்தார். இன்னும் பரிமாறத் தொடங்கவில்லை. அவர் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, தம் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். வீட்டுக்காரர் பதறிப்போய், ‘சார், நீங்கள் இங்கேயே சாப்பிடலாமே’ என்றார். ‘எனக்குக் கொஞ்சம் காற்று வேண்டியிருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் திண்ணைக் கோடியில் அவனுக்குப் பக்கத்தில் இலையை விரித்து உட்கார்ந்தார்.

நாங்கள் ஐந்து பேர் உள்ளே இருந்தோம். எனக்குப் பதினான்கு வயது, புரியாத வயதன்று. என் இலையிலிருந்து பார்த்தால் திண்ணையில் அவர்கள் இருவருடைய முதுகும் தெரிந்தன. எழுந்து போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்திலிருந்தவன் எழுவானா என்று பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். அதற்குள் சோறு வந்துவிட்டது. உருளைக்கிழங்குக் கறி நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இறுதி ஆட்டத்தில் இரு கட்சியும் ஒவ்வோர் ஆட்டம் வென்று, மூன்றாவது ஆட்டம் நடந்தது. இருபத்தொன்பது புள்ளி எடுத்தவர் வெற்றி என்பது அக்காலக் கணக்கு. அவன் அன்று ஆடியதைப் போல் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஆனால் ‘எனக்கு!’ என்ற குரலை மட்டும் அவன் கொடுக்கவில்லை, மௌனமாகவே ஆடினான். நாங்கள் தடுமாறினோம். இரு தரப்பும் இருபத்தேழில் நின்றபோது எதிராளி உயரத் தூக்கி அடித்த பந்து என் தலைக்கு மேலாகப் பின்கோட்டை நோக்கிச் சென்றது. வெளியே விழும் என்று நான் விட்டுவிட்டேன். கோட்டின் மேல் விழுந்தது என்றார் கோட்டு நடுவர். அடுத்த புள்ளியையும் இழந்தோம்.

திரும்பும் பஸ்ஸில் ஆசிரியர் எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கித் தந்தார். சாப்பாட்டைப் பற்றியோ ஆட்டத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை போட்டிக்குப் போனபோது, ஏற்பாடு செய்திருந்த வீட்டுக்கு எங்களை அழைத்துச் செல்லவில்லை. அவர் வீட்டு அம்மாள் விடியுமுன் எழுந்து கட்டித் தந்த புளியோதரைப் பொட்டலங்கள் ஏழு வந்திருந்தன. வயலோரக் கிணற்றடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி பாகிஸ்தானை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்ற செய்தியைப் பஞ்சாயத்து வானொலிப் பெட்டியின் முன் கூடிக் கேட்டோம். அந்த அணியில் சென்னையைச் சேர்ந்த விக்டர் ஜான் பீட்டர் ஆடினார் என்பது எங்கள் ஆசிரியருக்குத் தனிப் பெருமை. மறுநாள் முதல் ஒரு வாரம் பள்ளி முழுவதும் பனை மட்டையும் கந்தல் பந்துமாக ஹாக்கி ஆடியது. பூப்பந்து வலை கட்டப்படாமலே கிடந்தது. அவனும் நானும் அந்தக் கூட்டத்தில் எதிரெதிர்க் கட்சியில் ஆடினோம், வழக்கம்போலவே பேசிக்கொண்டோம். நான் சொல்ல வேண்டியிருந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. 1966-இல் பள்ளியை விட்டோம். நான் கல்லூரிக்குப் போனேன்; அவன், ஆட்டத்தின் வலிமையால் ரயில்வேயில் வேலை பெற்று, பொன்மலைப் பணிமனையில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் ஒரு பூப்பந்துப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். வெள்ளைச் சட்டையணிந்த பெரியவர் ஒருவர் பின்வரிசைப் பையன்களைப் பார்த்து, ‘குரல் கொடுங்கடா! குரல் கொடுங்கடா!’ என்று கத்திக்கொண்டிருந்தார். முகத்துக்கு முன்னால் குரல்தான் அடையாளம் காட்டியது. அவன் என்று சொல்லி வந்தவரை இனி அவர் என்றே சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற பிறகு மாலைதோறும் இலவசமாகப் பயிற்சி தருகிறார்.

தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொண்டையில் இருந்ததைச் சொன்னேன். அந்த வீடு, அந்தத் திண்ணை, நான் எழுந்து வராதது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்தார்.

‘சார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அவர் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து எனக்கு வைத்தார். நீங்களெல்லாம் எங்கே இருந்தீர்கள் என்பது எனக்கு நினைவில்லையே’ என்றார்.

அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. மைதானத்தில் பையன்கள் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்தாம் பேச்சை எடுத்தார். இருபத்தேழாவது புள்ளியில் என் தலைக்கு மேலே சென்ற அந்தப் பந்தைப் பற்றி. அது கோட்டுக்கு வெளியேதான் விழுந்தது, நான் விட்டது சரிதான், நடுவர் கண்ணில் வெயில் பட்டிருக்க வேண்டும் என்று, தரையில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டி, இன்றுவரை வாதாடி வருகிறார்.